அண்ணத்தில் ஒரு நங்கூரம்

நீண்ட பதிவு இது. பல் மருத்துவம் படித்த நண்பர்கள் என் புரிதலில் பிழை கண்டால் திருத்த வேண்டுகிறேன். நான் படித்தது மொழியியல்.

கடந்த ஆகஸ்டு மாதத்தில் ஓர் இரவு, விடுதி உணவகத்தில் சப்பாத்தியைக் கடித்தபோது என் மேல்வரிசையின் இடப்புறக் கோரைப்பல் ஆடியது. எனக்கு வயது 27. பல் ஆடுகிற வயதும் அன்று; கடித்ததும் பல்லை ஆட்டிவிடக்கூடிய பொருள் அன்று. (எங்கள் விடுதிச் சப்பாத்தியை அறிந்தவர்கள் இரண்டாவது கூற்றை மறுக்கலாம்.) மறுநாள் ஹைதராபாத்தில் உள்ள ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குச் சென்றேன். எக்ஸ்ரே படத்தை ஒளிப்பலகையில் செருகிய முதுநிலை மாணவி சற்று நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, ஆடியது பாற்பல் என்றார். அதற்குரிய நிலைப்பல் விழுந்துவிடவில்லை, இல்லாமலும் போகவில்லை. என் அண்ணத்து எலும்புக்குள் ஏறக்குறைய படுத்த நிலையில் கிடந்தது. அதன் முனை பக்கத்து வெட்டுப்பல்லின் வேரை நோக்கியிருந்தது.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு குழந்தைப் பல்லால் கரும்பு கடித்திருக்கிறேன் என்பதை ஏற்றுக்கொள்ளச் சில நாட்களாயின.

ஞானப்பல்லுக்கு அடுத்தபடியாக எலும்புக்குள் மிகுதியாகச் சிக்கிக்கொள்ளும் பல் மேல்தாடைக் கோரைப்பல்தான். நூறு பேரில் ஏறத்தாழ இருவருக்கு இவ்வாறு நேர்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். மூக்கின் அடித்தளத்துக்கு அருகில் உருவாகி, பக்கவெட்டுப்பல்லின் வேரை ஒட்டியே நெடுந்தூரம் இறங்கி வந்து, 11 முதல் 13 வயதுக்குள் அது வெளிப்பட வேண்டும். சிலருக்கு அந்தப் பக்கவெட்டுப்பல் சிறுத்திருக்கும். வழிகாட்ட வேண்டிய வேர் வலுவற்றிருப்பதால் கோரைப்பல் அண்ணத்துப் பக்கம் விலகிவிடுகிறது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இல்லை, இரண்டும் ஒரே மரபணுக் காரணத்தின் இரு விளைவுகள் என்று மற்றொரு சாரார் வாதிடுகிறார்கள். என் அம்மாவுக்கும் எனக்கும் பக்கவெட்டுப்பற்கள் அரிசி போலச் சிறியவை. எந்தக் கட்சி வென்றாலும் எங்கள் குடும்பம் சான்றாக நிற்கும்.

என் பதின்மூன்றாம் வயதில் கும்பகோணத்தில் ஒரு பல் மருத்துவர் இதே பாற்பல்லைப் பார்த்து, "உறுதியாக இருக்கிறது, விட்டுவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பினார். அன்று ஓர் எக்ஸ்ரே எடுத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்பதை இப்போது அறிவேன். 1988ஆம் ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த எரிக்சன், குரோல் இருவரும் வெளியிட்ட ஆய்வில், 10 முதல் 13 வயதுக் குழந்தைகளுக்குப் பாற்கோரைப்பல்லை மட்டும் பிடுங்கிவிட்டுக் காத்திருந்தார்கள். வழிதவறிய கோரைப்பற்களில் 78 விழுக்காடு தாமாகவே நேர்வழிக்குத் திரும்பின. கம்பி இல்லை, அறுவை இல்லை. வீட்டில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் இருப்பவர்கள் மேலுதட்டைத் தூக்கி, கோரைப்பல் வர வேண்டிய இடத்துக்கு மேலே ஈற்றில் விரலால் தடவிப் பாருங்கள். இரு பக்கமும் மேடு தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். அக்கா மகளுக்கு நான் செய்த முதல் காரியம் இதுதான்.

எனக்கு அந்த வாயில் எப்போதோ மூடிவிட்டது. மீதமிருந்த வழிகள் மூன்று. சிக்கிய பல்லை அறுத்தெடுத்துவிட்டுச் செயற்கைப் பல் பொருத்துவது. ஒன்றும் செய்யாமல் அவ்வப்போது படமெடுத்துக் கவனிப்பது. ஈற்றைத் திறந்து, பல்லின் மேல் ஒரு கொக்கியை ஒட்டி, மெல்லிய சங்கிலியால் மாதக்கணக்கில் இழுத்துத் தன் இடத்துக்குக் கொண்டுவருவது. முப்பரிமாண ஸ்கேனில் பக்கத்து வேரின் ஓரம் சற்றே அரிக்கப்பட்டிருந்தது தெரிந்ததால் சும்மா இருக்கும் வழி அடைபட்டது. இழுப்பது என்று முடிவாயிற்று. எதைப் பிடித்துக்கொண்டு இழுப்பது என்ற கேள்விதான் பிறகு இரண்டு மாதங்கள் என்னை உறங்கவிடாமல் செய்தது.

பல் சீரமைப்பு மருத்துவத்தில் இந்தப் பிடிமானத்தை ‘ஆங்கரேஜ்’ என்கிறார்கள். நங்கூரமிடல். தமிழ் நங்கூரத்தைப் பாரசீக ‘லங்கர்’ என்ற சொல்லோடு தொடர்புபடுத்துவார்கள். கப்பலோடு வந்த சொல். கப்பலின் நங்கூரத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு: அது கப்பலுக்கு வெளியே, கடலடியில் ஊன்றப்பட வேண்டும். பல் மருத்துவத்தின் பழைய நங்கூரங்களுக்கு இந்த இலக்கணம் பொருந்தாது. அவை ஒரு பல்லை இழுக்க இன்னொரு பல்லைப் பிடித்துக்கொள்கின்றன. நீரில் மிதக்கும் இரண்டு ஓடங்களைக் கயிற்றால் பிணைத்து, ஒன்றிலிருந்து மற்றதை இழுத்துப் பாருங்கள். இரண்டும் நகரும். பெரிய ஓடம் குறைவாக நகரும், அவ்வளவே. பல் எலும்பில் அறைந்த ஆணி அன்று. வேருக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள மெல்லிய இழைப்படலத்தில் அது ஊஞ்சலாடுகிறது. தொடர்ந்து மெல்ல அழுத்தினால் ஒரு புறம் எலும்பு கரைந்து மறுபுறம் வளர்கிறது. கோரைப்பல்லை நகர்த்தும் அதே விதி பிடிமானப் பற்களையும் நகர்த்தும். நியூட்டனின் மூன்றாம் விதிக்கு வாய்க்குள் விலக்கு இல்லை.

ஆகவே பெரிய ஓடத்தை இன்னும் பெரிதாக்குவதே நெடுங்காலமாக இருந்த உத்தி. மேல்வரிசைப் பற்கள் அனைத்தையும் தடித்த எஃகுக் கம்பியில் கோத்து ஒரே கூட்டமாக்குவார்கள். அல்லது இரு புறமும் உள்ள முதல் கடைவாய்ப்பற்களுக்கு உலோக வளையம் மாட்டி, அவ்விரண்டையும் அண்ணத்தின் குறுக்கே ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியால் இணைப்பார்கள். இந்தக் குறுக்குக் கம்பியில் ஒரு கொக்கியைப் பற்றவைத்துவிட்டால் கோரைப்பல்லை அதிலிருந்தே இழுக்கலாம். கம்பியின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் பொத்தானை வைத்து முன்னண்ணத்தில் அழுத்தி நிறுத்தும் வகையும் உண்டு. அதற்கு நான்ஸ் பொத்தான் என்று பெயர்.

மற்றொரு வகைதான் சொல்லின் இலக்கணத்துக்குப் பொருந்தும் நங்கூரம். மருத்துவர்கள் ‘மினி ஸ்க்ரூ’ என்கிறார்கள். நான் நுண்திருகு என்று எழுதுகிறேன். 1.2 முதல் 2 மில்லிமீட்டர் குறுக்களவும் 6 முதல் 12 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உலோகத் திருகை நேரே எலும்பில் முடுக்கிவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு இழுப்பது. பற்கள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. இந்த எண்ணம் புதிதன்று. 1945இலேயே அமெரிக்காவில் கெயின்ஸ்போர்த், ஹிக்லி என்ற இருவர் நாய்களின் தாடையில் திருகுகளை வைத்துப் பார்த்தார்கள். ஒரு மாதத்துக்குள் அத்தனையும் கழன்று விழுந்தன. 1997இல் ஜப்பானியரான கனோமி 1.2 மில்லிமீட்டர் திருகைக் குறித்து எழுதிய பிறகே இந்த முறை பரவலாயிற்று.

எனக்கு எது என்பதில் கல்லூரியில் இரண்டு கருத்துகள் இருந்தன. முதுநிலை மாணவி நுண்திருகே சிறந்தது என்றார். தம் ஆய்வேட்டின் தலைப்பே நுண்திருகுகள்தாம் என்பதை அவர் மறைக்கவில்லை. நான் அவர் ஆய்வில் ஒரு வரிசை எண்ணாகப் போகிறேன் என்று தெரிந்தபோது கோபம் வரவில்லை. செகந்திராபாத்தில் மூன்று தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் பாட்டிகளை நானும் அப்படித்தானே வரிசை எண்களாக்கியிருக்கிறேன். பேராசிரியரோ குறுக்குக் கம்பியின் பக்கம். "திருகு கழலும், கம்பி கழலாது" என்பது அவருடைய வாதத்தின் சுருக்கம். அவரை மறுக்கவும் எளிதில் முடியாது. ஏறத்தாழ ஐயாயிரம் நுண்திருகுகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வு, நூற்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு திருகுகள் தோல்வியடைவதாகக் காட்டுகிறது. எனக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. கம்பிக்குக் கல்லூரியில் தனிக் கட்டணம் இல்லை. திருகை வெளியிலிருந்து வாங்கித் தர வேண்டும், ஒன்று 2,500 ரூபாய். என் மாத உதவித்தொகை 8,000.

விலையைவிட என்னைத் தடுமாறச் செய்தது வேறொன்று. என் முனைவர் பட்ட ஆய்வு தமிழின் வளைநா ஒலிகளைப் பற்றியது: ட, ண, ள, ழ. ஹைதராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழர்கள் இவற்றை எவ்வாறு ஒலிக்கிறார்கள், எவ்வாறு கேட்டுப் பிரித்தறிகிறார்கள் என்பதே கேள்வி. கேட்டறியும் சோதனைக்கான சொற்களை என் குரலிலேயே பதிவு செய்துவந்தேன். பாதி முடிந்திருந்தது. மீதிப் பாதியை அண்ணத்தின் குறுக்கே ஓர் எஃகுக் கம்பியை வைத்துக்கொண்டு பேசினால் அவை யாருடைய ஒலிகள்?

ஒரே அண்ணத்தை இரண்டு துறைகள் எவ்வளவு வேறுவிதமாகப் பார்க்கின்றன என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். பல் மருத்துவர்களுக்கு அது எலும்பின் தடிமன், நாளங்கள் ஓடும் வழி, திருகுக்கு ஏற்ற இடம். தொல்காப்பியத்தின் பிறப்பியலோ அதை நாக்கு எங்கே ஒற்றுகிறது, எங்கே வருடுகிறது என்று பிரித்து வைத்திருக்கிறது. மேல்வரிசைப் பல்லுக்கு ‘அண்பல்’ என்று ஒரு பெயர் தந்து, பல்லடிக்கும் அண்ணத்துக்கும் இடையே எல்லையும் போடுகிறது. முன்னண்ணத்தில் உட்காரும் நான்ஸ் பொத்தான் ற, ன பிறக்கும் இடத்தை மூடிவிடும். கடைவாய்ப்பற்களுக்கு இடையே ஓடும் குறுக்குக் கம்பி அதற்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் தமிழில் வளைநா ஒலிகளுக்கு நாக்கு பின்னோக்கி மடிந்து, நுனியின் அடிப்புறம் அண்ணத்தைத் தொடுகிறது. இந்தி பேசுபவர்களின் ட-வை விடத் தமிழரின் ட பின்னால் இருப்பதை ஒலியியல் நூல்கள் குறிக்கின்றன. ஆகவே கம்பி எனக்குக் குறுக்கே வரும். இந்தி பேசும் என் அறைத்தோழிக்கு வந்திராது.

இதை ஊகமாக விட்டுவிட மனமில்லை. எங்கள் துறையில் பழைய சோதனை ஒன்று உண்டு. கரித்தூளை எண்ணெயில் குழைத்து நாக்கில் பூசிக்கொண்டு ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். நாக்கு அண்ணத்தில் எங்கே பட்டதோ அங்கே கறுப்பு ஒட்டியிருக்கும். கண்ணாடியை வைத்துப் படமெடுக்க வேண்டும். பல் மருத்துவக் கல்லூரியில் அதற்கான கண்ணாடிகளுக்கா பஞ்சம்? நாக்கின் அடிப்புறத்தில் கரி பூசிக்கொண்டு "பாட்டு" என்றேன். முதுநிலை மாணவி சிரிப்பை அடக்கிக்கொண்டு படமெடுத்தார். பிறகு என் தாடையின் பிளாஸ்டர் அச்சில், கம்பி போகவேண்டிய பாதையைப் பென்சிலால் வரைந்து தந்தார். ட-வின் கறுப்புத் தடத்தின் பின்விளிம்பும் அந்தப் பென்சில் கோடும் ஓரிடத்தில் தொட்டுக்கொண்டன.

படத்தைப் பார்த்த பேராசிரியர், "பத்துப் பதினைந்து நாட்களில் பேச்சுப் பழகிவிடும்" என்றார். உண்மைதான், பழகிவிடும். நாக்கு கம்பியைச் சுற்றிக்கொண்டு போகக் கற்றுக்கொள்ளும். கேட்பவர்களுக்கு வேறுபாடே தெரியாது. அந்தப் பழக்கம்தான் என் சிக்கல். சோதனைச் சொற்களில் பாதி ஒரு வாயிலும், மீதி தன்னைத் திருத்திக்கொண்ட இன்னொரு வாயிலும் பிறந்திருக்கும். இதை அவரிடம் விளக்க முயன்று பாதியில் நிறுத்திவிட்டேன். எலும்புக்குள் பல் வேரை அரித்துக்கொண்டிருக்கும் ஒருத்தி டகரத்தைப் பற்றிக் கவலைப்படுவது அவர் நாற்காலியிலிருந்து எப்படித் தோன்றும் என்று எனக்கே தெரிந்திருந்தது.

எனவே அவர்களுடைய மொழியிலேயே பேசலாம் என்று ஆய்வுக்கட்டுரைகளை வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க என் கேள்வியே மாறிப்போயிற்று.

எந்த நங்கூரம் நன்றாகப் பிடிக்கிறது என்று கேட்டுத்தான் தொடங்கினேன். 2014இல் இங்கிலாந்தில் 78 வளரிளம் பருவத்தினரை மூன்று குழுக்களாகப் பகுத்து, நுண்திருகு, நான்ஸ் பொத்தான், தலைக்கவசப் பட்டை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். கடைவாய்ப்பற்களை நிலைநிறுத்துவதில் மூன்றுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அது கோரைப்பல் சிக்கல் உடையவர்களைப் பற்றியதன்று. ஆயினும் திருகு என்ற பெயரைக் கேட்டதும் அதுவே உயர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு அது போதும். ஈற்றைத் திறந்தே விடுவதா, மூடித் தைப்பதா என்ற தகராறிலும் நிலைமை இதுவே. கொக்ரேன் தொகுப்பாய்வு 146 பேரின் தரவைப் பார்த்துவிட்டு, ஒன்று மற்றதைவிட மேல் என்று சொல்ல இடமில்லை என்கிறது. பல் நன்றாக நகரும்போது ஏறக்குறைய எல்லா முறைகளும் நன்றாகவே இருக்கின்றன.

நகராதபோது?

ஜெருசலேமில் ஏட்ரியன் பெக்கரும் ஸ்டெல்லா சௌஷுவும் இந்தக் கேள்வியில் நீண்ட காலம் உழைத்தவர்கள். வேறிடங்களில் தோல்வியடைந்து அவர்களிடம் வந்த 37 கோரைப்பற்களை ஆராய்ந்து, தோல்விக்கான காரணங்களை 2010இல் எழுதினார்கள். முதலிடம் போதாத நங்கூரத்துக்கு: 48.6 விழுக்காடு. அடுத்தது பல்லின் இருப்பிடத்தைத் தவறாகக் கணித்துத் தவறான திசையில் இழுத்தது: 40.5. மூன்றாவது, பல்வேர் எலும்போடு ஒட்டி இறுகிப்போனது: 32.4. கூட்டினால் நூறைத் தாண்டும். ஒரே பல்லில் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் இருந்திருக்கின்றன. இவர்களே 2003இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரை என்னை நேரே பார்த்துப் பேசியது. 19 பேர், 23 கோரைப்பற்கள், சராசரி வயது 28.8. வெற்றி 69.5 விழுக்காடு. ஒப்பீட்டுக்கு எடுத்த இளையோரில் நூற்றுக்கு நூறு. 23 பற்கள் என்பது சிறிய தரவுதான். என் வழிகாட்டியிடம் இவ்வளவு சிறிய தரவைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பியிருப்பார். ஆனாலும் பத்தில் மூன்று என்ற எண் என்னோடு விடுதிக்கு வந்துவிட்டது.

அந்த மூன்றில் ஒன்றாக நான் இருந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். எலும்போடு ஒட்டிப்போன பல் எத்தனை இழுத்தாலும் வராது. ஓடங்களில் ஒன்று தரைதட்டிவிட்டது. ஆனால் கயிற்றை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறோம். இப்போது நகர்வது மற்றைய ஓடம். அசையாத கோரைப்பல்லே நங்கூரமாகிவிடும். நங்கூரம் என்று நாம் நம்பியிருந்த நல்ல பற்கள் அதை நோக்கி இழுபடும். பக்கத்துப் பற்கள் ஈற்றுக்குள் ஏறும், கடி சாயும், வரிசையின் தளமே ஒருபுறம் தூக்கிக்கொள்ளும். மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் கண்ணுக்கு முதல் சில மாதங்கள் அது ‘ஏதோ நகர்கிறது’ என்ற நல்ல செய்தியாகவே தெரியவும் கூடும். திருகைப் பிடித்து இழுத்தால் இந்த நிலையில் ஒன்றுமே நடக்காது. கோரைப்பல் வராது, திருகு கழன்றாலும் கழலும், மற்ற பற்கள் இருந்த இடத்தில் இருக்கும். இழப்பது ஏற்கெனவே இழந்துவிட்ட ஒரு பல்லை மட்டுமே.

பேராசிரியர் சொன்ன குறை, திருகு கழலும் என்பது, இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது எனக்கு ஏறக்குறைய ஒரு நற்பண்பாகத் தோன்றியது. தாங்க முடியாதபோது அது தன்னை விட்டுக்கொடுக்கிறது. பல் அப்படி விடாது. மெல்ல, வலியின்றி, யாருக்கும் தெரியாமல் இடம் மாறிக்கொண்டிருக்கும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குக் குறுக்குக் கம்பியே போதும், அதற்கு மேல் செலவு செய்வது வீண் என்று இப்போதும் நினைக்கிறேன். 27 வயதில், பல் நகருமா என்பதே தெரியாதபோது, தோல்வியின் விலையை யார் தலையில் கட்டுவது என்பதே முதற்கேள்வி.

அடுத்த முறை சென்றபோது இதைத்தான் கேட்டேன்: "சார், பல் வரவில்லையென்றால் கம்பியில் என்ன ஆகும், திருகில் என்ன ஆகும்?" அவர் உடனே விடை சொல்லவில்லை. ஸ்கேனை மீண்டும் திறந்து, வேரைச் சுற்றியுள்ள மெல்லிய கறுப்புக் கோடு எங்கெல்லாம் தொடர்கிறது, எங்கே மங்குகிறது என்று ஒவ்வொரு வெட்டாகப் பார்த்தார். பிறகு முதுநிலை மாணவியிடம், முதல் ஆறு மாதங்களுக்குத் திருகு, பல் வெளியே வந்தபின் மற்றவற்றைப் பார்க்கலாம் என்றார். திருகு எல்லாவற்றையும் செய்துவிடாது என்பதும் அவர் சொன்னதுதான். வேரின் சாய்வைத் திருத்திப் பல்லை வரிசையில் அமர்த்துவதற்குக் கடைசியில் எல்லாருக்கும் போடும் கிளிப் வந்தே ஆக வேண்டும்.

இடமும் முடிவாயிற்று: அண்ணத்தின் இடச் சரிவில், இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லுக்கும் முதல் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவில். பக்கவெட்டுப்பல்லின் வேரை விட்டு முதலில் பின்னோக்கி விலக்க வேண்டும், அதன் பின்னரே வெளிப்புறமாகத் திருப்ப வேண்டும் என்பதால் அந்த இடம். நேரே வெளியே இழுத்தால் கோரைப்பல் அந்த வேரின் மேலேயே உரசிக்கொண்டு போகும். நாக்கின் விளிம்பு அங்கேயும் படுகிறது. ஆனால் ஒரு கடுகளவு மேடு, குறுக்கே ஓடும் கம்பியன்று. அதோடு எனக்கு நான்கு வாரம் அவகாசம் தந்தார்கள். மீதிச் சொற்களை அதற்குள் பழைய வாயாலேயே பதிவு செய்து முடித்தேன். கடைசி நாள் இரவு பதினொரு மணிக்கு ஒலிப்பதிவறையில் தனியே உட்கார்ந்து "வாழை, வாளை, வாலை" என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் காவலாளி கதவைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் மூடிவிட்டுப் போனார்.

நவம்பரில் அறுவை. மரத்துப்போகும் ஊசிதான், நாற்பது நிமிடம். அண்ணத்தின் தோலைத் திறந்து, எலும்பைச் சிறிது செதுக்கி, பல்லில் கொக்கியை ஒட்டி, தங்க முலாம் பூசிய சங்கிலியை வெளியே விட்டுத் தைத்தார்கள். திருகு முடுக்கும்போது வலியில்லை. திருகாணி திரும்பும் ஒலி மண்டைக்குள் கேட்டது, அது மட்டும் இன்னும் நினைவிருக்கிறது. இழுவிசை அறுபது கிராம் அளவுதான். ஏறக்குறைய ஒரு கோழிமுட்டையின் எடைதான் என்று முதுநிலை மாணவி ஆறுதல் சொன்னார். அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "இந்த வயசுல கிளிப்பா பாப்பா? கல்யாணப் போட்டோவுல தெரியாதா?" என்றார். யாருடைய கல்யாணம் என்று நான் கேட்கவில்லை.

ஐந்தாம் வாரம் திருகு கழன்றது. காலையில் பல் துலக்கும்போது வாய்கொப்பளித்த தண்ணீரோடு வந்து தொட்டியில் கிணுங்கென்று விழுந்தது. அதைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போனேன். ‘நான் அப்போதே சொன்னேன்’ என்று பேராசிரியர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, ஈற்றைப் பார்த்து, வீக்கம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் புதியதை வைக்கச் சொன்னார். மீண்டும் 2,500 ரூபாய். அந்த மாதம் இரவு உணவுக்கு வாழைப்பழம் என்று நானே ஒரு மருத்துவ அறிவுரையை எழுதிக்கொண்டேன். முதல் திருகு இப்போது என் மேசையில், ஒலிவாங்கிக்கு அருகில் ஒரு சிறு டப்பாவில் இருக்கிறது.

இரண்டாவது நிலைத்திருக்கிறது. சங்கிலியில் முதலில் பதினான்கு கண்ணிகளை எண்ணினேன். தளர்ந்து நீளும் கண்ணிகளை அவ்வப்போது நறுக்கிவிடுகிறார்கள், இப்போது ஒன்பது. அண்ணத்தில் நாக்குநுனி போய்த் தட்டும் இடத்தில் முன்பில்லாத மேடு ஒன்று வந்திருக்கிறது. ல சொல்லும்போது தெரிவதில்லை. ள சொல்லும்போது தெரிகிறது.

சென்ற செவ்வாய்க்கிழமை முதுநிலை மாணவி அந்த மேட்டைக் கருவியின் காம்பால் மெல்ல அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். பிறகு பேராசிரியரை அழைத்து வந்தார். அவரும் அழுத்திப் பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே, "ஆடுகிறது" என்றார். எலும்போடு ஒட்டிய பல் ஆடாது. இன்னும் ஒன்றரை ஆண்டு வேலை இருக்கிறது என்றும் சொன்னார்.

பேருந்து நிறுத்தத்திலிருந்தே அம்மாவை அழைத்தேன்.

"பல்லு ஆடுதும்மா."

"அய்யோ, ஆடுச்சுன்னா பிடுங்கிடுவாங்களே பாப்பா?"